ஈயமில்லாத வீச்சு வலை: சில வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலை விளிம்பில் எடைக்காகக் கோக்கும் ஈயமணிக்குப் பதிலாக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) சங்கிலி கட்டிய வீச்சு வலை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பழைய வலையில் ஈயத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரும்பைக் கோத்தால் போதும் என்று இறங்குகிறவர்கள் ஒரே வாரத்தில் ஈயத்துக்கே திரும்பிவிடுவார்கள். வலையையும் மாற்றிக் கட்ட வேண்டும், வீசுகிற கையும் கொஞ்சம் பழக வேண்டும்.

புழங்கிய இடம் பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கம், தடாவை ஒட்டிய கரை. அப்புறம் பக்கிங்காம் கால்வாய், மழை பெய்தால் ஊர் ஏரி. நான் கம்பெனி வேலைக்குப் போகிறவன், ஞாயிற்றுக்கிழமை வலைக்காரன். அண்ணனுக்கு இதுதான் பிழைப்பு. கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அவர் கையில் ஓடிய வலையைப் பார்த்து எழுதியது. எனக்கு மீன் கிடைக்காவிட்டால் கடையில் வாங்கிக்கொள்வேன், அவருக்கு அப்படி இல்லை. அதனால் அவர் தீர்ப்பைத்தான் நானும் நம்புகிறேன்.

மாற்றியதற்கு முதல் காரணம் பறவையோ ஏரியோ இல்லை, வீட்டுப் பின்கட்டு. நைனா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஈயத்தை நாங்களே உருக்கி மணி வார்ப்போம். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். 327 டிகிரியில் உருகிவிடும், விறகடுப்பே போதும். மேலே படியும் கசடை வழித்து ஓரமாக மண்ணில் தட்டுவோம். அதே மண்ணில்தான் அண்ணன் பிள்ளைகள் விளையாடும். ரத்தத்தில் இவ்வளவு வரை ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னப் பிள்ளைகளுக்கு அது மூளை வளர்ச்சியையே கெடுக்கும். 2000-இல் நாடு முழுக்க பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்துவிட்டார்கள். வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி போட்டார்கள். வலைக்காரன் மட்டும் அதை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறான். மிகையாகச் சொல்லவில்லை. வீச்சு வலை வீசத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மணி வரிசையில் ஒரு பகுதியைப் பல்லில் கடித்துப் பிடித்துத்தான் பலரும் வீசுகிறார்கள்.

பறவைக் கதை அதற்கப்புறம் வந்தது. எங்கள் ஏரிக்கு ஐப்பசி, கார்த்திகை தாண்டினால் பூநாரையும் வாத்தும் கூட்டமாக வரும். தீனியை அரைக்க வாத்துகள் சின்னக் கற்களைப் பொறுக்கி விழுங்கும். சேற்றில் ஈயரவை (வேட்டைத் தோட்டாவிலிருந்து சிதறும் சின்ன ஈயக்குண்டு) கிடந்தால் அதையும் கல் என்றே விழுங்கும். அரைவைப்பையில் அது தேய்ந்து, அமிலத்தில் கரைந்து, ரத்தத்தில் ஏறும். ஒரு வாத்தைக் கொல்லச் சில ரவைகளே போதும். ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் பூநாரைகளே இப்படிச் செத்திருக்கின்றன. இங்கிலாந்தில் தூண்டில்காரர்கள் விட்டுப்போன ஈயக்குண்டை விழுங்கி அன்னங்கள் செத்ததால், 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையுள்ள ஈயக்குண்டுகளை 1987-இல் தடை செய்தார்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வலை மணி வாத்து விழுங்குகிற அளவில் இல்லை, பெரியது. ஏரிப் பறவைகளை நாங்கள்தான் கொல்கிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூண்டிலில் போடும் கடுகளவு, மிளகளவு ஈயம் வேறு கணக்கு. அதற்குக் கீழே வருகிறேன்.

இந்தப் பிரச்சினையை நமக்கு முன்னாலேயே அனுபவித்தவர்கள் வெளிநாட்டு வாத்து வேட்டைக்காரர்கள். நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டம், 1991-இல் அதற்கு வந்த திருத்தம் இரண்டோடும் வேட்டைக் கதை முடிந்தது. அங்கே அது இன்னும் சட்டப்படி நடக்கிறது, தோட்டாவுக்குத்தான் கட்டுப்பாடு. அமெரிக்காவில் 1991 முதல் நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயரவை கூடாது. டென்மார்க்கில் 1996 முதல் எந்த வேட்டைக்கும் ஈயரவை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் சதுப்பு நிலங்களில் தடை. பிரிட்டனில் 2020-இல் வேட்டை அமைப்புகளே முன்வந்து ஐந்து வருஷத்தில் தாமாக விட்டுவிடுகிறோம் என்றன. பெரிதாக எதுவும் மாறவில்லை, கடைசியில் 2025-இல் அரசாங்கமே தடையை அறிவித்தது. கெஞ்சினால் யாரும் மாற மாட்டார்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். எங்கள் கரையிலும் அதே கதைதான்.

ஆனால் நான் அவர்களிடம் எடுத்துக்கொண்டது வேறு பாடம். ஸ்டீல் ரவை வந்த புதிதில் "இது பறவையைக் கொல்லாது, காயப்படுத்தித்தான் விடும்" என்று ஒரே புகார். காரணம் எளிது. ஈயத்தின் அடர்த்தி 11.3, இரும்பு 7.8 சொச்சம். அதே பருமன் ரவை லேசாக இருக்கும், வேகம் சீக்கிரம் குறையும். மாறத் தெரிந்தவர்கள் இரண்டு நம்பர் பெரிய ரவைக்குப் போனார்கள், தூரத்தில் சுடுவதை விட்டார்கள், ஸ்டீல் நசுங்காமல் நெருக்கமாகப் போவதால் குழல் வாய் இறுக்கத்தைத் தளர்த்தினார்கள். ஸ்டீல் தாங்காத பழைய துப்பாக்கி வைத்திருந்தவர்கள் காசு கூடக் கொடுத்து பிஸ்மத் (ஸ்டீலைவிட மெத்தான உலோகம்) தோட்டா வாங்கினார்கள். தோட்டாவை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருந்தவர்கள்தான் திட்டிக்கொண்டே இருந்தார்கள்.

வலைக்கும் இதே கணக்குதான். ஒரு கிலோ ஈயம் தண்ணீருக்குள் 910 கிராம் போல நிற்கும், ஒரு கிலோ இரும்பு 870 கிராம். வித்தியாசம் கொஞ்சம்தான், கையளவு கூடப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அந்த எடைக்கு இரும்பு ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும். அதனால் மணிக்கு மணி மாற்றினால் வலை விரிந்து விழும், ஆனால் மெதுவாக இறங்கும். மடவை மீன் அதற்குள் பக்கவாட்டில் கிளம்பிவிடும்.

முதலில் சோதித்தது நட்டு. ஹார்டுவேர் கடை இரும்பு நட்டை வரிசையாகக் கோத்துப் பார்த்தோம். விலை மலிவு, அது ஒன்றுதான் நல்லது. விளிம்பு நைலானை அறுக்கும், உப்புத் தண்ணீரில் சீக்கிரமே துரு பிடிக்கும், பல்லில் வைக்கவே முடியாது. அடுத்தது துத்தநாகம் பூசிய சங்கிலி. ஒரு மழைக்காலம் நன்றாக ஓடியது, பூச்சு போனதும் நட்டு கதைதான். துத்தநாகமும் பறவைக்கு விஷம் என்பதால் அதில் எனக்கு மனசு ஒட்டவில்லை. பித்தளை போடலாமே என்று காசிமேட்டு வலைக் கடையில் ஒருவர் சொன்னார். கடைசல் பித்தளையில் 2, 3 சதவீதம் ஈயமே கலந்திருக்கும் என்பதால் அதைத் தொடவில்லை.

இப்போது ஓடுவது எஸ்.எஸ். சங்கிலி, 316 ரகம், மூன்று மில்லி கம்பி. 304 விலை குறைவு, ஆனால் உப்புத் தண்ணீரில் பழுப்புப் படியும். காந்தம் வைத்துப் பார்த்து 304-ஆ 316-ஆ என்று கண்டுபிடிக்க முடியாது, பெரும்பாலும் இரண்டுமே ஒட்டாது. நம்பிக்கையான கடையில் பில்லோடு வாங்குங்கள். நான் பாரிமுனையில் வாங்கி சூலூர்பேட்டை லோக்கலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்து சீட்டுக்காரர் நாய்ச் சங்கிலியா என்று கேட்டார். அளவு கணக்கு இப்படி: வலை நீளத்தை (நடுவிலிருந்து விளிம்பு வரை) 6.28-ஆல் பெருக்கினால் சுற்றளவு. எங்கள் ஐந்து முழ வலை ஏழரை அடி, ஆகச் சுற்று 47 அடி. மூன்று மில்லி சங்கிலி அந்த நீளத்துக்கு ஏறக்குறைய மூன்று கிலோ வரும். நான்கு மில்லி போட்டால் ஐந்து கிலோவை நெருங்கும், காலை முழுக்க வீசுகிறவன் தோள் போய்விடும்.

புழக்கத்தில் முதலில் கண்ணில் பட்டது தரை ஒட்டுதல். மணி வலை குண்டும் குழியுமான தரையில் அங்கங்கே தூக்கிக்கொள்ளும், இறால் அந்தச் சந்தில் போய்விடும். சங்கிலி தரையோடு படிந்து கிடக்கிறது. இறாலிலும் கிழங்கான் மீனிலும் அண்ணனுக்கு வித்தியாசம் தெரிகிறது, மடவையில் இல்லை. இறங்கும் வேகத்தை ஈடுகட்ட, கண் (வலை ஓட்டை) கொஞ்சம் பெரிய வலையில்தான் சங்கிலி கட்டினோம். கண் பெரிதானால் தண்ணீர் வேகமாகப் புகுந்து வெளியேறும், வலை சடாரென்று இறங்கும். பொடி மீன் தப்பும். அண்ணனுக்கு அது வருத்தம், எனக்கு அதில் வருத்தமில்லை. இடுப்பளவுக்கு மேல் ஆழமென்றால் இன்னமும் ஈய வலைதான் முந்துகிறது. ஏரியில் பெரும்பாலும் அந்த ஆழம் கிடையாது என்பதால் தப்பித்தோம்.

பல் விஷயம்தான் பெரிய சிக்கல். ஈயம் மெத்தென்று இருக்கும், சங்கிலி பல்லைக் கூசவைக்கும். "டேய், ஈயம் தின்னு இத்தனை வருஷம் இருந்துட்டேன், இப்ப இந்தச் சங்கிலியால பல்லு போகணுமா?" என்று அண்ணன் முதல் நாளே வலையைக் கரையில் போட்டார். இப்போது முழங்கையில் மாட்டி வீசுகிறார். வட்டம் முன்புபோல முழுசாக விரிய அவருக்கு ஒரு சீசன் பிடித்தது. எனக்கு இன்னும் ஒரு பக்கம் மடிந்தே விழுகிறது.

சத்தம் இன்னொன்று. படகில் வலையை மடித்து வைக்கும்போது சங்கிலி பலகையில் உரசும். அமைதியான விடியற்காலையில் மீன் கலைகிறது. பழைய சாக்கை விரித்துக்கொள்கிறோம். கால்வாயில் சிப்பி மண்டிய இடத்தில் வீசவே வேண்டாம், சங்கிலிக் கண்ணி மாட்டினால் இழுத்து வராது. பராமரிப்பு என்று பெரிதாக இல்லை, நல்ல தண்ணீரில் அலசிக் காய வைத்தால் போதும். கட்டு நூல்தான் சங்கிலியைவிட முன்னால் தேய்கிறது, தேய்ந்த இடத்தை அவ்வப்போது மறுபடி கட்டுகிறோம். விலை ஈயத்தைவிடக் கிலோவுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ஈயமணி வருஷா வருஷம் உதிரும், சங்கிலி உதிரவில்லை.

தூண்டில் குண்டுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் ஏரியில் கெண்டைக்குச் சின்னக் கூழாங்கல்லை நூலால் கட்டினாலே போதும். தூரம் எறிய வேண்டியவர்களுக்கு டங்ஸ்டன் அருமை, அடர்த்தி 19.3, ஈயத்தைவிடச் சின்னதாக இருக்கும், விலையைக் கேட்டால் மீன் பிடிக்கவே தோன்றாது. அறுந்துபோவது அதிகம் என்பதால் நான் இரும்புக் குண்டோடு நிறுத்திக்கொண்டேன். பறவை விழுங்குவது இந்தச் சின்ன ஈயத்தைத்தான் என்பதால், ஒன்றை மட்டும்தான் மாற்ற முடியும் என்றால் வலைக்கு முன்னால் தூண்டிலை மாற்றுங்கள்.

கழற்றிய ஈயத்தை உருக்கவோ ஏரியில் போடவோ இல்லை. மூடி போட்ட பெயின்ட் டப்பாவில் இருக்கிறது, பேட்டரிக் கடைக்காரர் பழைய பேட்டரிகளோடு அனுப்பிவிடுகிறேன் என்றிருக்கிறார். புதிதாகச் சங்கிலி வாங்கப் போகிறவர்கள் சுற்றளவைவிட இரண்டு மூன்று அடி கூடுதலாகக் கேளுங்கள். சிப்பியில் மாட்டினால் அந்த இடத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதே ரகத்தில் துண்டாக யாரும் தர மாட்டார்கள்.