மச்சானைத் தேடிய 14 மாதம்: தூதரக உதவி எப்படி இருந்தது?

மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போன இரண்டாம் வருடம் அவரிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். ரீசார்ஜ் பண்ணியிருக்க மாட்டார் என்று பத்து நாள் விட்டுவிட்டோம். அப்புறம் கம்பெனியில் கேட்டால், 'ஆள் ஓடிப்போயிட்டான், போலீஸில் எழுதிக் கொடுத்தாச்சு' என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அனுப்பிவைத்த ஏஜென்ட் அதற்கு முன்பே நம்பரை மாற்றியிருந்தார். எந்த நாடு, எந்த ஆபீஸ் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை, அலைந்து தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் தப்பு எங்களுடையது. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு, எம்.பி.க்கு ஒரு மனு, முதல்வர் தனிப்பிரிவுக்கு ஒன்று, சேப்பாக்கம் எழிலகத்தில் அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கு ஒன்று என்று அடுக்கினோம். எல்லாம் சுற்றிக்கொண்டு கடைசியில் அதே தூதரகத்துக்குத்தான் போய்ச் சேருகின்றன. அக்கா கையால் எழுதிய ஒன்றில் பாஸ்போர்ட் எண்ணின் 1 ஏழு மாதிரி விழுந்திருந்தது, அது வேறு யாரோ ஒருவர் பெயருக்குப் போய் 'விவரம் பொருந்தவில்லை' என்று திரும்பி வர இரண்டு மாதம்.

உருப்படியாக நகர்ந்தது 'மதத்' (MADAD) இணையதளத்தில் புகார் பதிந்த பிறகுதான். வெளியுறவு அமைச்சகம் 2015-ல் தொடங்கியது, இந்தியில் உதவி என்று அர்த்தம். புகார் எண் கிடைக்கிறது, கேஸ் எந்தத் தூதரகத்தில் இருக்கிறது என்று தெரிகிறது. பதில் வருகிறதா என்றால் வருகிறது, ஆனால் முதல் ஐந்து மாதம் வந்ததெல்லாம் ஒரே வரி: உள்ளூர் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதப்பட்டுள்ளது. அந்த வரியைப் பார்த்தாலே அக்காவுக்குக் கோபம் வரும்.

பிறகுதான் புரிந்தது, அவர்களால் செய்ய முடிந்ததே அவ்வளவுதான். தூதரகத்துக்கு அங்கே போலீஸ் அதிகாரம் கிடையாது, வீடு வீடாகத் தேட முடியாது. போலீஸ், ஜெயில், ஆஸ்பத்திரி, பிணவறை என்று கேட்கலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம். பிடிபட்டால் அந்த நாடே தூதரகத்துக்குச் சொல்லாதா என்று நானும் நினைத்தேன். 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவுப்படி, பிடிபட்டவர் கேட்டால்தான் சொல்ல வேண்டும். 'ஓடிப்போனவன்' என்று கேஸ் விழுந்து பயந்து கிடக்கிறவன் எங்கே கேட்கப்போகிறான்?

திருப்பம் ஒரு துண்டுச் சீட்டில் வந்தது. மச்சான் எப்போதோ பணம் அனுப்பிய ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார், அதில் பத்தாக்கா, அதாவது அந்த நாட்டில் கொடுக்கும் அடையாள அட்டையின் நம்பர் இருந்தது. பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவோம், அரபியில் அது இன்னும் மாறும், ஆனால் நம்பர் மாறாது. அதைப் புகாரில் சேர்த்து, தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்கும் போன் போட்டேன். எடுத்தவர் மலையாளி, பாதித் தமிழில் பேசினார், பொறுமையாகக் கேட்டார். மூன்றாவது வாரம் ஆள் இருக்கும் இடம் தெரிந்தது: ஊருக்குத் திருப்பி அனுப்பும் தடுப்பு முகாம். அதற்கு முன் எட்டு மாதம், சம்பளம் தராத கம்பெனியை விட்டு வெளியே வந்து கிடைத்த வேலையைச் செய்திருக்கிறார். வெட்கப்பட்டுத்தான் போன் பண்ணவில்லையாம்!

அதற்குப் பிறகு நடந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம் மாட்டியிருந்ததால் அவுட்பாஸ், அதாவது ஊர் திரும்புவதற்கு மட்டுமான பயணப் பத்திரம் கொடுத்தார்கள், டிக்கெட் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து. 2009-ல் தொடங்கிய நிதி அது, தூதரக சேவைகளுக்கு அங்குள்ள நம் ஆட்கள் கட்டும் சிறு தொகையில் சேருவது. இது தெரியாமல் டிக்கெட்டுக்கு நகையை அடகு வைத்திருந்தோம், அது தனிக்கதை.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். வெளிநாட்டில் ஆள் இருக்கிறவர்கள் இன்றைக்கே பாஸ்போர்ட், விசா, பத்தாக்கா மூன்றையும் இரண்டு பக்கமும் போட்டோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கூட வேலை செய்கிற ஒருவரின் நம்பரும் வேண்டும்.

சம்பள பாக்கிக்குத் தனிப் புகார் போட்டிருக்கிறோம். கிளம்பும் அவசரத்தில் மச்சான் தன் சார்பில் அங்கே கேஸ் நடத்த யாருக்கும் பவர் எழுதிக் கொடுக்காமல் ஃபிளைட் ஏறிவிட்டார், அதனால் அது இன்னும் அப்படியே கிடக்கிறது.