பெயரைச் சரியாகச் சொல்லவைக்கும் வசதிகள்: தமிழ்ப் பெயருக்கு எது தேறுகிறது?

எழிலரசி என்ற பெயரை ழகரத்துக்கு இசட்-எச் போட்டு ஆங்கிலத்தில் எழுதி ஒரு அமெரிக்கரிடம் நீட்டினால், 'விஷன்', 'மெஷர்' ஆகிய சொற்களின் நடுவில் வருகிற உரசல் ஒலியை அங்கே வைத்துப் படிப்பார். அவர் மீது குற்றமில்லை. இசட்-எச் ழகரத்தைக் குறிக்கும் என்பது நாம் நமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்க, வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன், அலுவலக உரையாடல் செயலிகளான ஸ்லாக், டீம்ஸ், போனில் எண்களைச் சேமிக்கும் கான்டாக்ட்ஸ், உச்சரிப்புப் பதிவுகளுக்கான ஃபோர்வோ, நேம்கோச் என்று இன்று பல இடங்களில் வசதி இருக்கிறது. தமிழ்ப் பெயர்களை வைத்துப் பார்த்தால் எது எதற்கு உதவும் என்பதுதான் இந்த விமர்சனம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மனிதர் படிக்க வேண்டும் என்றால் குரல்பதிவு, கூடவே உச்சரிப்பைக் காட்டும் ஓர் எழுத்துக் குறிப்பு; இயந்திரம் படிக்க வேண்டும் என்றால் வேறு முறையில் எழுதிய குறிப்பு. இடம் மாற்றிப் போட்டால் இரண்டுமே சொதப்பும்.

லிங்க்ட்இன்னில் இருந்து ஆரம்பிப்போம். 2020இல் வந்த வசதி. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் படம், அதைத் தொட்டால் உங்கள் குரலில் உங்கள் பெயர். பதிவு செய்யக் கைப்பேசிச் செயலி வேண்டும். கணினியில் கேட்கலாம், பதிய முடியாது. செயலியில் உங்கள் புரொஃபைலைத் திறந்து, பென்சில் படத்தைத் தொட்டால் பெயர் இருக்கும் பகுதியிலேயே உச்சரிப்பைப் பதியும் பொத்தான் இருக்கும். அழுத்திப் பிடித்துக்கொண்டே பேச வேண்டும், அதிகபட்சம் 10 விநாடி. பிறகு கேட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திரும்பப் பதியலாம். இலவசம்தான்.

அந்த 10 விநாடியைப் பெரும்பாலோர் வீணடிக்கிறார்கள். "ஹாய், ஐ ஆம் செந்தில்" என்று ஒரே மூச்சில் ஓட்டிவிட்டால், கேட்பவருக்கு 'ஆம்' எங்கே முடிந்தது, பெயர் எங்கே தொடங்கியது என்றே பிடிபடாது. முன்னுரையை விட்டுவிடுங்கள். பெயரை முதலில் இயல்பான வேகத்தில் ஒரு முறை, ஒரு விநாடி நிறுத்தம், பிறகு அசை அசையாக ஒரு முறை, மறுபடி நிறுத்தம், கடைசியாக இயல்பான வேகத்தில் இன்னொரு முறை. நான்கைந்து அசையுள்ள பெயர்கூட இப்படிச் சொன்னால் எட்டு விநாடிக்குள் அடங்கிவிடும். நடுவில் பிரித்துச் சொல்வதை மட்டும் பதிந்தால் கேட்பவர் ரோபோ மாதிரி துண்டு துண்டாகத் திருப்பிச் சொல்வார், அதனால்தான் இரண்டு பக்கமும் இயல்பான வேகம் தேவை.

பிரிக்கும் இடமும் முக்கியம். முத்துக்குமார் என்றால் 'முத்-துக்-கு-மார்'. 'மு-து-கு-மார்' என்று பிரித்தால் இரட்டிப்பே போய்விடும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் மெய்யொலியை நிறுத்திப் பிடிக்கும் பழக்கம் கிடையாது, இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் மட்டும் உண்டு. 'பிளாக் கேட்' என்று சொல்லும்போது நடுவில் வருகிற 'க்க' அப்படிப்பட்டதுதான். சொக்கன், அக்கினி போன்ற பெயருள்ளவர்கள் இந்த உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம், சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு தப்பு, கேட்பவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று நம் பெயரை நாமே ஆங்கிலமாக்கிச் சொல்வது. செந்திலில் இருக்கும் தகரத்தை நாக்கை மேல்பல்லில் வைத்து அழுத்தமாகச் சொல்லாமல் 'தேங்க்ஸ்' என்பதன் ஆங்கில ஒலியைப் போட்டுப் பதிகிறவர்கள் நிறையப் பேர். மாதிரியே கலப்படம் என்றால் நகல் எப்படி இருக்கும்? வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே பதியுங்கள். குறைக்க வேண்டியதைக் கேட்பவரே குறைத்துக்கொள்வார். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்தால் போதும். ஒட்டிப் பிடித்தால் ப, ப்ர என்று தொடங்கும் பெயர்களில் மூச்சு மைக்கில் மோதி முதல் எழுத்து வெடிக்கும்.

இவ்வளவு செய்தும் குரல்பதிவுக்கு ஓர் எல்லை உண்டு. காதில் விழுவது வேறு, பிரித்து அறிவது வேறு. ல, ள இரண்டும் ஆங்கிலக் காதுக்கு ஒன்றுதான், ந, ன, ண மூன்றும் அப்படித்தான். மாலா, மாளா என்று எத்தனை முறை ஓடவிட்டாலும் வித்தியாசம் ஏறாது. அதனால் கூடவே ஓர் எழுத்துக் குறிப்பும் இருந்தால் நல்லது. லிங்க்ட்இன்னில் இதற்குத் தனி இடம் இல்லை, பெரிய குறை. ஸ்லாக் இந்த விஷயத்தில் முந்துகிறது: புரொஃபைலைத் திருத்தும் பக்கத்தில் குரல்பதிவுக்கு ஓர் இடம், உச்சரிப்பை எழுத்தில் எழுத இன்னோர் இடம். இரண்டையும் நிரப்புங்கள்.

எழுத்துக் குறிப்பு எழுதுவது சாமர்த்தியமான வேலை. கமலா ஹாரிஸ் தன் பெயருக்குச் சொன்ன குறிப்பு உலகத்துக்கே தெரியும்: நிறுத்தற்குறியான 'கமா', அதோடு ஒரு 'லா'. அமெரிக்கர்களின் பெரிய தவறு நடு அசையை அழுத்தி 'கமாலா' என்பது. இந்தக் குறிப்பு அழுத்தத்தை முதல் அசைக்கு இழுத்துவிடுகிறது, அந்த அளவில் கச்சிதம். ஆனால் அது அமெரிக்க ஆங்கிலத்துக்கான குறிப்பு. அமெரிக்கர் அந்தச் சொல்லை 'காமா' போலச் சொல்வதால் நம் கமலாவின் குறில் கொஞ்சம் நீண்டு வருகிறது. அதே குறிப்பைப் பிரிட்டிஷ்காரர் படித்தால் 'கொமலா' பக்கம் போவார். ஒரு நாட்டு ஆங்கிலத்துக்கு எழுதிய குறிப்பு அடுத்த நாட்டில் கைவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ழகரத்துக்கு இது இன்னும் பொருந்தும். 'பேர்ட்' என்று பறவையைச் சொல்லும்போது அமெரிக்கர் வாயில் வரும் ஆர் ஒலி நம் ழகரத்துக்குப் பக்கத்து வீடு. அவர்களுக்கு இசட்-எச்சைத் தூக்கிவிட்டு ஆர் போட்டுக் குறிப்பு எழுதினால் எழில், யாழினி எல்லாம் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக வரும். நாக்கை இன்னும் கொஞ்சம் பின்னால் மடக்கச் சொன்னால் போதும். மகிழ், யாழ் என்று ழகரத்தில் முடியும் பெயரை லண்டனில் அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். அங்கே பெரும்பாலோர் சொல்லின் முடிவில் வரும் ஆரை உச்சரிப்பதில்லை, கடைசி எழுத்தே காணாமல் போய்விடும். அவர்களுக்கு எல் போட்டுக் கொடுங்கள். 'மகில்' என்று வரும். தமிழ்நாட்டிலேயே பாதிப் பேர் அப்படித்தானே சொல்கிறோம்.

தமிழில் ஓர் அசையை ஓங்கி அழுத்தும் வழக்கம் கிடையாது. ஆங்கிலத்தில் எதையாவது அழுத்தியே ஆக வேண்டும், தெரியாத பெயர் என்றால் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையைப் பிடிப்பார்கள். கவிதா 'கவீட்டா' ஆவதும் முருகன் 'முரூகன்' ஆவதும் இதனால்தான். குறிப்பில் அசைகளுக்கு நடுவே சின்னக் கோடு போட்டு, முதல் அசையை மட்டும் பெரிய எழுத்துகளில் எழுதினால் இந்த நோய் பெருமளவு குறையும்.

எழுத்துக்கூட்டலையே மாற்றிக்கொண்ட உதாரணமும் இருக்கிறது. முத்தையா முரளிதரன் பெயரில் டி-எச் (th) எழுதிவந்ததை விட்டு, வெறும் டி (d) போட்டு எழுதுவதே சரி என்று 2007இல் தெரியவந்தது. அந்த ஆண்டு அறிமுகமான ஆஸ்திரேலியா–இலங்கை டெஸ்ட் கோப்பையில் அந்த எழுத்துக்கூட்டலே பொறிக்கப்பட்டது. உயிரொலிகளுக்கு நடுவே வரும் தகரம் மென்மையாக ஒலிப்பதால் அதில் நியாயம் உண்டு. மலேசியாவின் பழைய பதிவேடுகளில் லட்சுமிக்கு டி-சி-எச் (tch) போட்டு எழுதியிருப்பார்கள், யாழ்ப்பாணத்தில் 'ராஜா' என்று முடியும் பெயர்களின் கடைசியில் ஓர் எச் நிற்கும். பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் ஆங்கிலம் படிப்பவருக்கு அவை நல்ல வழிகாட்டி. எண்கணிதம் பார்த்துச் செருகிய கூடுதல் ஏ, எச், என் எழுத்துகள்தான் எந்த வாசகரையும் எந்த இயந்திரத்தையும் குழப்பும்.

இயந்திரம் என்றதும் கான்டாக்ட்ஸ். காரில் போகும்போது போன் செய்தியைப் படித்துக் காட்டுவதும், "எழிலைக் கூப்பிடு" என்றால் புரிந்துகொள்வதும் இதைச் சார்ந்தவை. ஐபோனில் ஒரு பெயரைத் திறந்து எடிட் போய், அடியில் இருக்கும் 'ஆட் ஃபீல்ட்' பட்டியலில் 'ஃபொனெட்டிக்', 'ப்ரொனன்சியேஷன்' என்று இரண்டு வகை இடங்கள் இருக்கும். பலர் முதலாவதை நிரப்பிவிட்டு முழிக்கிறார்கள். ஃபொனெட்டிக் என்பது ஜப்பானியப் பெயர்களுக்கு அவசியமானது. அங்கே 'கான்ஜி' என்ற சீன வகை எழுத்தைப் பார்த்துப் பெயரின் ஒலியை உறுதியாகச் சொல்ல முடியாது, அகரவரிசைப்படுத்தவும் அந்த ஒலிதான் வேண்டும். அதை நீங்கள் நிரப்பினால் பட்டியலில் பெயர் இடம் மாறி உட்காரக்கூடும். போன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதற்கு 'ப்ரொனன்சியேஷன்' இடத்தைப் பயன்படுத்துங்கள். கூகுள் கான்டாக்ட்ஸில் ஃபொனெட்டிக் மட்டும்தான், கூடுதல் இடங்களைக் காட்டும் பொத்தானை அழுத்தினால் தெரியும்.

இங்கே எழுதும் முறை வேறு. மனிதருக்குப் போட்ட சின்னக் கோடுகளும் பெரிய எழுத்துகளும் இயந்திரத்துக்கு வேண்டாம். கோட்டைப் பார்த்தால் நிறுத்தி நிறுத்திப் படிக்கும், பெரிய எழுத்துகளைச் சுருக்கப்பெயர் என்று நினைத்து ஒவ்வொன்றாக வாசிக்கவும் வாய்ப்புண்டு. ஒரே சொல்லாக, சின்ன எழுத்தில், நெடிலுக்கு ஏ-ஏ போட்டு எழுதி ஓடவிட்டுக் கேளுங்கள். குரலை 'இங்கிலீஷ் (இந்தியா)' ஆக மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும், ஏனென்றால் இந்திய ஆங்கிலத்தில் டி-எச் பல்லில் தட்டும் தகரமாகவே ஒலிக்கிறது.

தமிழ் எழுத்திலேயே சேமித்துத் தமிழ்க் குரலில் படிக்கவிட்டால் ல, ள, ழ மூன்றும் ஒழுங்காக வரும். அங்கே சிக்கல் வேறு பக்கத்தில் இருந்து வருகிறது. தீபா, காயத்ரி, பாலா, கோபி இவற்றின் முதல் எழுத்தை நாம் பழக்கத்தால் மென்மையாகப் படிக்கிறோம், எழுத்தில் அதற்கு அடையாளம் இல்லை. விதிப்படி மட்டும் படிக்கும் மென்பொருள் சொல்லின் தொடக்கத்தில் வல்லினத்தையே போடும், கோபி காப்பிக்கு அண்ணன் ஆகிவிடுவார். இப்படிப்பட்ட பெயர்களை ஆங்கில எழுத்தில் விடுவதே மேல்.

எந்தக் கருவியும் தீர்க்காத ஒன்று, முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற இரண்டு பெட்டிகள். விஸ்வநாதன் ஆனந்தில் ஆனந்த்தான் அவர் பெயர், விஸ்வநாதன் தந்தையின் பெயர். சதுரங்க உலகம் அவரை 'விஷி' என்றே செல்லமாகக் கூப்பிடுகிறது. உச்சரிப்பைத் திருத்துவதற்கு முன் எந்தச் சொல்லால் கூப்பிட வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். குரல்பதிவில் அப்பா பெயரைச் சேர்க்காமல் உங்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. டீம்ஸில் குரல்பதிவு வசதி உண்டு, நிறுவனத்தின் நிர்வாகி திறந்துவிட்டால்தான் தெரியும். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் ஐ.டி. பிரிவில் கேளுங்கள். ஃபோர்வோ தன்னார்வலர்கள் சொற்களைச் சொல்லிப் பதியும் தளம். பிறமொழிப் பெயர்களை நாம் கற்றுக்கொள்ள அருமையானது, போலந்து நாட்டுச் சக ஊழியரின் பெயரை அழைப்புக்கு முன் கேட்டுக்கொள்ளலாம். ஒரே பெயருக்குப் பலர் பதிந்திருந்தால், எந்த நாட்டுக்காரர் சொன்னது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நேம்கோச் தனிநபரைவிடக் கல்லூரிகளுக்குத்தான் பொருத்தம். மாணவருக்கு ஒரு சுட்டி போகும், அவர் பெயரைப் பதிவார், மேடையில் பட்டியல் வாசிப்பவர் முன்கூட்டியே கேட்டுப் பழகுவார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு விழாக்களில் இது புழக்கத்தில் இருக்கிறது. குறை ஒன்றுதான்: மேடையில் நிற்கும்போது குரல்பதிவைப் போட்டுக் கேட்க முடியாது, நூற்றுக்கணக்கான பெயர்களை யாரும் மனப்பாடம் செய்யவும் முடியாது. வாசிப்பவர் கையில் ஒரு அட்டை கொடுக்கும் கல்லூரி என்றால், ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குக் கீழே உங்கள் குறிப்பைப் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுங்கள். அட்டையை நீட்டும்போது அவர் காதில் விழும்படி ஒரு முறை பெயரைச் சொல்லிவிட்டு நடங்கள்.