ஏர் ரைஃபிளா, பாயிண்ட் 22-ஆ?

மதுரையில் சுடப் பழக வரும் தம்பிகள் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஏர் ரைஃபிளில் வெடிமருந்தே கிடையாது, 4.5 மி.மீ. ஈயக் குண்டைக் காற்றுதான் தள்ளுகிறது, இலக்கு 10 மீட்டர். காற்று குறைந்தால் குண்டு தாழ்ந்து விழும், அவ்வளவுதான்.

பாயிண்ட் 22 என்பது .22 அங்குலத் தோட்டா போடும் ரைஃபிள், அது அப்படியில்லை. 50 மீட்டர், லைசென்ஸ், தோட்டாச் செலவு, அப்புறம் வெடிக்காமல் போகும் தலைவலி வேறு. பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிறது, அது எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்காது. விசையை இழுத்ததும் 'டிக்' என்று மட்டும் கேட்டால் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் பூட்டு) உடனே திறக்காதீர்கள், குழல் இலக்கைப் பார்த்தபடியே அரை நிமிடம் பொறுங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு எடுத்து விளிம்பைப் பாருங்கள். ஃபயரிங் பின், அதாவது தோட்டாவை அடிக்கும் ஊசி, அடித்த தடம் நன்றாகப் பதிந்திருந்தால் பெரும்பாலும் தோட்டாவின் கோளாறு. லேசாகத்தான் பட்டிருக்கிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லை போல்ட்டுக்குள் அழுக்கு. ஒரு சித்திரையில் எனக்கு வரிசையாக நாலு 'டிக்'. தோட்டாவைத் திட்டித் தீர்த்தேன், கடைசியில் பார்த்தால் நானே தாராளமாக விட்ட எண்ணெய் பிசினாகிக் கிடந்தது!

முதல் வருடம் ஏர் ரைஃபிளே போதும் என்பேன்.