உப்புக்காற்றில் மூன்று ஆண்டுகள்: கையடக்கத் தெர்மல் கமராவுடன் என் அனுபவம்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கடற்கரை விடுதிகளின் மின்னிணைப்புகளைப் பராமரிப்பது என் தொழில். இங்கே உப்புக்காற்று செம்பையும் பித்தளையையும் பச்சை பூக்க வைத்துவிடும். அப்படி அரித்த முனைகளில் தடை கூடி, சீசன் தொடங்கிக் குளிரூட்டிகள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது அவை சுடத் தொடங்கும். புகை வருமுன் அதைக் கண்டுபிடிக்கவே, வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கமரா வாங்கினேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது இரண்டாவது கமராவுக்கும் பணம் கொடுத்த பிறகே எனக்குப் புரிந்தது.

முதலாவதின் பெட்டியில் 320×240 என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். அது திரையிலுள்ள புள்ளிகளின் அளவு. உள்ளே வெப்பத்தை உணரும் பகுதியான உணரி 80×60 புள்ளிகள்தான் என்பதை விற்றவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது. ஏறத்தாழ 37 பாகை பார்வைக் கோணத்தில், ஒரு மீற்றர் தொலைவில், அந்த உணரியின் ஒரு புள்ளி 8 மில்லிமீற்றருக்குச் சற்று மேலான இடத்தை மூடும். வெப்பநிலையை நம்பி அளக்கக் குறைந்தது மூன்றுக்கு மூன்று புள்ளிகளாவது அந்தப் பொருளின் மேல் விழ வேண்டும் என்பதால், 25 மில்லிமீற்றர் அகலம் தேவைப்படுகிறது. ஆனால் ஒரு பிரேக்கரின் அகலமோ 18 மில்லிமீற்றர்தான். சுடுகின்ற திருகாணியையும் பக்கத்தில் குளிர்ந்திருக்கும் பிளாஸ்ரிக்கையும் அது ஒன்றாகக் கலந்து சராசரி காட்டியது. இப்போது என்னிடமுள்ள 256×192 உணரி அதே தொலைவில் 8 மில்லிமீற்றர் இடத்தையே ஒழுங்காக அளக்கிறது. 400 பாகை செல்சியஸ் வரை அளக்கும் என்ற விளம்பரத்தைவிட இந்த ஒரு கணக்கே எனக்குப் பெரிது.

உமிழ்திறனை, அதாவது ஒரு மேற்பரப்பு தன் வெப்பத்தை எவ்வளவு நன்றாகக் கதிராக வெளியிடும் என்பதைப் பற்றி எந்தக் கடைக்காரரும் வாய் திறப்பதில்லை. சென்ற ஆண்டு ஒரு விடுதியின் மெயின் போர்ட்டில், பளபளப்பான ஈயப்பூச்சுக் கேபிள் முனை ஒன்று 41 பாகை காட்டியது. அதிலிருந்து வெளிவரும் கேபிளின் உறையோ அதைவிடச் சூடாகத் தெரிந்தது. மின்சாரத்தை நிறுத்தி, முனையில் விரல்நக அளவு கறுப்பு இன்சுலேஷன் ரேப் ஒட்டி, மீண்டும் லோட் ஏற்றி அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். ரேப்பின் மேல் 78 பாகை. பளபளக்கும் உலோகம் தன் வெப்பத்தைக் குறைவாக உமிழ்ந்து, சுற்றியிருப்பவற்றின் வெப்பத்தையே கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். ரேப்பின் உமிழ்திறன் 0.95 அளவில் இருப்பதால் அது உண்மையைச் சொல்லிவிடும். குளிரறையின் எவர்சில்வர் கதவை நோக்கிக் கமராவைப் பிடித்தால் அதில் தெரிவது என் உருவமே.

காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் நாட்களில் வெளியிலுள்ள இணைப்புகள் ஆறிப்போய் நல்லவை போலத் தோன்றும். அவற்றைக் காற்று ஓய்ந்த நேரத்தில்தான் பார்க்கிறேன். மாரியில் ஈரம் ஊறிய சுவர் குளிர்ந்த திட்டாகத் தெரிந்தாலும், குளிர்ச்சி எல்லாம் ஈரமில்லை. ஈரமானியால் உறுதிப்படுத்தாமல் எந்தச் சுவரையும் உடைக்கச் சொல்வதில்லை.

கைப்பேசியில் செருகும் வகையையும் சில மாதம் இரவல் வாங்கிப் பயன்படுத்தினேன். படம் நன்றாகவே இருந்தது, ஆனால் ஏணியில் நிற்கும்போது ஒரு கையால் அதைக் கையாளுவது கடினம். உப்புப் பிசுபிசுப்பில் செருகுமிடமும் தளர்ந்துவிட்டது. நொடிக்கு 9 படம் என்ற வேகம் மின்பலகை வேலைக்குத் தாராளம். கண்ணாடி மூடியினூடாக எந்தத் தெர்மல் கமராவும் பார்க்காது என்பதால், பலகையைத் திறந்தே பார்க்க வேண்டும். அதற்குரிய கையுறையும் முகக்கவசமும் கமராவின் விலையோடு சேர வேண்டிய செலவுகள்.

வாங்கப் போகிறவர்கள் உணரியின் உண்மையான அளவு எத்தனை என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். பிறகு கடைச் சுவரில் உள்ளங்கையைப் பத்து வினாடி பதித்து எடுத்து, கமராவால் பாருங்கள். ஐந்து விரல்களும் தனித்தனியே தெரிந்து, மெல்ல மெல்ல மறைய வேண்டும். ஒரே மங்கலான திட்டாகத் தெரிந்தால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.