இலைத்துளையை மூட ஒரு ஸ்ப்ரே, திறக்க ஒரு லைட்: இந்த செட்டை வாங்கிடாதீங்க

ஊருக்குப் போகும் முன் செடிமேல் ஸ்ப்ரே அடித்தால், தண்ணீர் ஆவியாக வெளியேறும் குட்டி இலைத்துளைகள் மூடிக்கொள்ளுமாம். திரும்பி வந்து கூடவே தரும் லைட்டைப் போட்டால் திறந்துகொள்ளுமாம். ஆன்லைனில் பார்த்து வாங்கி ஏமாந்த ஆள் நான். நம்பியதற்குக் காரணம், சொன்னதில் பாதி அறிவியல் நிஜம்.

மண் காய்ந்தால் செடியே அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது துளையின் இருபக்கமும் இருக்கும் காப்புச் செல்களை எட்டியதும் குளோரைடு போன்ற அயனிகள் வெளியேறும், பின்னாலேயே பொட்டாசியம், அதன் பின்னால் தண்ணீர். காற்றிறங்கிய டியூப் மாதிரி செல்கள் தொய்ந்து துளை மூடிவிடும். சில நிமிட வேலைதான். தண்ணீர் கிடைத்ததும் செடி அந்த அமிலத்தைச் சிதைத்துவிடும், துளை மறுபடி திறக்கும்.

பாட்டிலில் 'இயற்கை அப்சிசிக் அமிலம்' என்று போட்டிருந்தது. எவ்வளவு செறிவு என்று எங்கேயும் இல்லை. போதாததற்கு, உள்ளே இருப்பது அப்படியே தெரியும் வெள்ளை பாட்டில். புற ஊதா ஒளி பட்டால் வீரியம் போய்விடுகிற சரக்கை யாராவது அதில் அடைப்பார்களா? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து வந்தபோது பீஸ் லில்லி வாடவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் ஊற்றி, லைட்டும் போட்டு ஒரு வாரம் ஆகியும் ஸ்ப்ரே பட்ட இலைகள் மட்டும் வெளிறிக்கொண்டே போயின. இலையின் அடிப்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவி, காய்ந்ததும் செலோடேப் ஒட்டி உரித்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஸ்ப்ரே படாத இலையில் குட்டிக் குட்டி உதடுகளாகக் காப்புச் செல்கள் ஜோடி ஜோடியாகத் தெரிந்தன. பட்ட இலையில் வழவழவென்று ஒன்றுமே இல்லை. நகத்தால் சுரண்டினால் மெல்லிய படலம் சுருண்டு வந்தது. ஹார்மோனாவது ஒன்றாவது, பசையைத் தடவி அடைத்திருக்கிறார்கள்! தண்ணீர் வெளியே போகாதுதான், கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராதே. எந்த லைட்டைப் போட்டாலும் பசை திறக்காது.

லைட் கதை இன்னும் மோசம். துளையைத் திறப்பதில் நீல ஒளிக்குத் தனி வேலை உண்டு. காப்புச் செல்லில் போட்டோட்ரோபின் என்ற புரதம் நீல ஒளியைப் பிடித்து, புரோட்டான்களை வெளியே தள்ளும் பம்பை முடுக்கிவிடும். பொட்டாசியமும் தண்ணீரும் உள்ளே பாய்ந்து செல் உப்பும். துளைப்பக்கச் சுவர் தடிமன் என்பதால் இரண்டு செல்களும் வில்லாக வளைந்து துளை திறக்கும். இதற்குக் கொஞ்சம் நீல ஒளியே போதும். சிவப்பு ஒளியும் திறக்கும், ஆனால் பெரும்பாலும் ஒளிச்சேர்க்கை வழியாக, அதுவும் நல்ல பலமாக இருந்தால்தான். டப்பாவில் 'நீலமும் சிவப்பும்' என்று படம். ஒரு பழைய சிடியின் பளபளப்பான பக்கத்தில் லைட்டைப் பிரதிபலித்துப் பாருங்கள், இருக்கிற நிறங்கள் தனித்தனியாகப் பிரிந்து விழும். எனக்கு விழுந்தது ஒரே சிவப்புப் பட்டை. நீலமும் சிவப்பும் கலந்த மாதிரி தெரியும் ஊதா நிறம் லைட்டின் மேல் மூடியில் மட்டும்!

விற்றவர்களிடம் படங்களோடு எழுதிக் கேட்டேன். "சார், நீலம் அதிகமானா இலை கருகிடும், அதான் எடுத்துட்டோம்" என்றார்கள். பிரித்த பாட்டிலுக்குப் பணம் கிடையாதாம். பதிலாக 'துளையை எப்போதும் திறந்தே வைக்கும்' புது மருந்து தருகிறார்களாம். அந்த வேலையைச் செய்யும் நஞ்சு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஃபியூசிகாக்சின், ஒரு பூஞ்சை சுரப்பது. அதே புரோட்டான் பம்பை நிறுத்தவிடாமல் ஓடவைக்கும், துளை மூட முடியாமல் செடி வாடும். அவர்கள் பாட்டிலில் அது இருக்காது, அவ்வளவு தூரம் போகிறவர்கள் இல்லை.

பசை பட்ட இலைகளை வெட்டிவிட்டேன். இதே செட் கைக்கு வந்தவர்கள் ஸ்ப்ரேயைத் தொடாமல், ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் லைட்டை சிடியில் காட்டிப் படம் எடுத்துவிடுங்கள். நான் பாட்டிலைப் பிரித்ததில்தான் மாட்டிக்கொண்டேன்.