வண்டியும் நம்முடையது, கட்டணமும் நம்முடையதா?

போன வாரம் வாட்ஸாப்பில் ஒரு படிவம் வந்தது. பெங்களூரில் இரண்டு நாள் பழைய கார் கண்காட்சி. காருக்கு 1,500 ரூபாய் பதிவுக் கட்டணம். காலை 7 மணிக்குள் மைதானத்துக்குள் வந்துவிட வேண்டும், மாலை 6 மணி வரை வண்டியை எடுக்கக் கூடாது. அதே விளம்பரத்தின் அடியில், பொதுமக்களுக்கு நுழைவுச் சீட்டு 200 ரூபாய் என்று போட்டிருந்தது.

அல்சூர், காக்ஸ் டவுன், மர்பி டவுன் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கும் ஏழெட்டுத் தமிழர்கள் ஒரு குழுவில் இருக்கிறோம். அன்று ராத்திரி அதில் ஒரே சண்டை. "1,500 ரூபாயெல்லாம் ஒரு காசா சார், பிள்ளைங்க வந்து பார்க்கட்டுமே" என்றார் அம்பாசிடர்க்காரர். பத்மினி கார் வைத்திருப்பவர் விடவில்லை. "கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரர்கிட்ட யாராவது மொய் கேப்பாங்களா?"

நான் பத்மினி கட்சி. ஆனால் முழுக்க இல்லை. எல்லாக் கண்காட்சியும் ஒரே மாதிரி கிடையாது, அதனால் கட்டணத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

என்னிடம் இருப்பது அப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மெட்ராஸில் செய்த வண்டி, 948 சிசி. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர், ஜொவான்னி மிக்கெலாட்டி. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்து மொத்த மூக்கும் முன்பக்கமாகச் சாயும். சக்கரம், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் வெட்டவெளியில் தெரியும். கூட்டம் நிற்பதே அதைப் பார்க்கத்தான். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது திறந்து காட்டச் சொல்வார்கள். முப்பதாவது தடவை கை வலிக்கும். ஆனாலும் ஒரு பெரியவர் குனிந்து பார்த்து "எங்க மாமா கிட்ட இது இருந்துச்சு தம்பி" என்றால் இன்னொரு தடவை திறப்பேன்.

கட்டணம் பெரிய தொகை இல்லை என்று சொல்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். போன தடவை ஒரு நாள் காட்சிக்குக் கிளம்புவதற்கு முன் சிவாஜிநகர் மெக்கானிக் பாயிடம் வண்டியை விட்டேன். பாயிண்ட் மாற்றி, பிளக் தேய்த்து, ஒரு ரேடியேட்டர் ஹோஸ் போட்டதற்கு 1,800. பெட்ரோல் 1,000. வீடு திரும்பும்போது ஒரு சிக்னலில் பன்னிரண்டு நிமிடம் நின்றதில் சூடேறி, ரேடியேட்டர் கொதித்து, கடைசியில் தூக்கிப்போகும் வண்டியில் ஏற்றினேன். அதற்கு 2,500. மறுநாள் பாய் கேட்டார்: "கொண்டுபோறதுக்கும் காசு, கொண்டு வர்றதுக்கும் காசு. அங்க சும்மா நிக்கிறதுக்கும் காசு வாங்குனாங்களா சார்?" அந்தத் தடவை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பாயிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

சரி, எப்போது கொடுக்கலாம்?

கிளப் ஓட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். இருபது, முப்பது வண்டி சேர்ந்து காலை இருட்டில் கிளம்பி நந்தி மலை ரோட்டிலோ மைசூர் ரோட்டிலோ ஒரு ஓட்டம் போய், இட்லி வடை சாப்பிட்டுத் திரும்புகிறோம். பின்னால் மெக்கானிக்கோடு ஒரு வேன் வருகிறது. அந்த வேனுக்கும் வடைக்கும் நான்தான் காசு கொடுக்க வேண்டும், வேறு யார் கொடுப்பார்? அங்கே பார்வையாளர் நாங்களே. மூல வடிவம் கெடாமல் இருக்கிறதா என்று நடுவர் குழு உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியையும் பார்க்கும் கான்கோர்ஸ் போட்டிக்குக் கட்டணம் கேட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பரீட்சைக்கு பீஸ் கட்டுகிற மாதிரி அது. என் ஹெரால்டு அந்தப் பரீட்சையில் தேறாது என்பது வேறு விஷயம். உள்ளே இருக்கும் மாருதி சீட்டை மறைக்க உறைதான் போட்டிருக்கிறேன்.

இடிக்கிற இடம், வாசலில் சீட்டு விற்கும் கண்காட்சி. 200 ரூபாய் கொடுத்து உள்ளே வருபவர் அங்கே போட்ட பந்தலையோ ஸ்பான்சர் பேனரையோ பார்க்க வரவில்லை. வண்டியைப் பார்க்க வருகிறார். வண்டி வராவிட்டால் அது வெறும் மைதானம். அப்படியிருக்க வண்டிக்காரரிடமும் வாங்குவேன், பார்ப்பவரிடமும் வாங்குவேன் என்றால், அது மாட்டுக்காரனிடமும் பால்காரனிடமும் தரகு வாங்குகிற வேலை.

நடத்துபவர் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இலவசம் என்றால் பேர் கொடுத்துவிட்டு வராமல் போவார்கள். ஒரு முறை நானே வாசலில் பட்டியலோடு நின்றிருக்கிறேன். 40 பேர் எழுதியிருந்தார்கள், வந்து சேர்ந்தவை 23 வண்டி. மீதி இடமெல்லாம் சுண்ணாம்புக் கோடு மட்டும். சீட்டு வாங்கி வந்த ஒருவர் அந்தக் காலிக் கட்டங்களைக் காட்டி "இது என்ன மாடல்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, நடத்தியவருக்கு வரவில்லை. காசு கட்டியவர் வருவார், இதில் சந்தேகமே இல்லை.

வண்டிக்காரருக்கும் இலவச ஏற்பாடு சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். சீட்டு வாங்கியவர் உரிமையோடு கதவைத் திறப்பார். ஒரு காட்சியில், யாரோ ஒருவர் தோள்பையின் ஜிப்பைத் தேய்த்துக்கொண்டே போனதில் இடது கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு. நடத்தியவர்களிடம் போய்ச் சொன்னால் படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். "வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று பொடி எழுத்தில் இருந்தது, கீழே என் கையெழுத்து. நாம் காசு கட்டாத இடத்தில் கேள்வி கேட்கவும் கொஞ்சம் கூச்சமாகிவிடுகிறது. கட்டியிருந்தால் கோடு விழாதா என்றால், விழும். ஆனால் சத்தமாவது போட்டிருக்கலாம்.

அழைத்து மரியாதை செய்யும் காட்சிகளும் உண்டு. டெல்லியில் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை 1964-ல் தொடங்கிய பழைய கார் ராலி, 2011-ல் தொடங்கிய 21 கன் சல்யூட் என்ற கார் காட்சி எல்லாம் பெரிய பெயர்கள். மகாராஜா வீட்டு ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருப்பவரிடம் யாரும் 1,500 கேட்க மாட்டார்கள், அவர் வந்தாலே போதும். ஹெரால்டுக்கும் பத்மினிக்கும்தான் படிவம் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ஓட்டல் வாசலில் நாலு வண்டியை நிறுத்தி மசால் தோசை சாப்பிடுகிற கூட்டமும் இருக்கிறது. செலவு தோசை மட்டும். போலீஸ்காரர் வரும்வரை அதுவே நல்ல கண்காட்சி.

இதற்கிடையில் சட்டம் ஒரு முடிச்சு போட்டிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, மூல வடிவில் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்து வரும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம். 20,000 கட்டி அந்தப் பிளேட்டை வாங்கியவருக்கு வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கக்கூட ஒரு கண்காட்சி தேவை. அது நடத்துபவர்களுக்கும் தெரியும். வரும் வருடங்களில் கட்டணம் ஏறுமே தவிர இறங்காது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டு பக்கத்துக் கவலைக்கும் எனக்குத் தெரிந்த ஒரு வழி, முன்பணம். பதிவு செய்யும்போது 1,000 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி வாசலுக்குள் நுழைந்ததும் திருப்பிக் கொடுங்கள். வராதவர் பணம் உங்களுக்கு. நான் பட்டியலோடு நின்ற அன்று இந்த ஏற்பாடு இருந்திருந்தால் 17 காலிக் கட்டத்துக்கு 17,000 ரூபாய் வந்திருக்கும், அதில் நல்ல கயிறு வாங்கி வண்டிகளைச் சுற்றிக் கட்டியிருக்கலாம்.

படிவம் அனுப்பியவருக்கு இதையே எழுதினேன். கூடவே மூன்று கேள்வி: வண்டியைச் சுற்றிக் கயிறு உண்டா, கீறல் விழுந்தால் யார் பொறுப்பு, வண்டி சூடேறுகிற ஜாதி என்பதால் 4 மணிக்கு, டிராபிக் சேர்வதற்கு முன்னால், கிளம்பலாமா? அம்பாசிடர்க்காரர் அதற்குள் பணம் கட்டி ரசீதைக் குழுவில் போட்டுவிட்டார். எனக்கு நேற்று மாலை வரை இரண்டு நீல டிக் மட்டும் வந்திருக்கிறது.