9/16 குரோஃபுட் ஸ்பேனர்: நல்ல சாமான்தான், வாங்க வேண்டாம்

குரோஃபுட் என்றால் கைப்பிடி இல்லாத குட்டி ஸ்பேனர் தலை; அதன் சதுரத் துளையில் ரெஞ்சை மாட்டித் திருப்ப வேண்டும். என்னிடம் இருக்கும் இந்த செட்டின் விலை பாதியாக இறங்கிவிட்டதாம். "அண்ணே, வாங்கிப் போடலாமா?" என்று ஈப்போவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் சொந்தமாக விமானம் கட்டுகிறார். சக்கரக்கால் போல்ட்டுகளில் வந்து நிற்கிறார். அவருக்குச் சொல்வதை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு சுங்கை சிப்புட்டில் டிராக்டர் பட்டறை. செம்பனைக் குலை ஏற்றும் வண்டிகள்தான் பிழைப்பு. நான் கைகொடுக்கும் விமானம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது. தோட்டத்தின் பழைய ரப்பர் ஸ்டோரில் கட்டுகிறார், இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம். ரிவெட் அடிப்பதெல்லாம் அவர். கை நுழையாத இடமெல்லாம் என் தலையில்.

சக்கரக்காலை உடலோடு பிடிக்கும் போல்ட்டுகளில் வெளிப்பக்கத்தவை சாதுவானவை. உள்பக்கத்தவைதான் ஆளைக் கொல்கின்றன. நட்டுக்கு ஒரு புறம் பக்கத்தகடு, மறுபுறம் விட்டம், தலைக்கு மேலே இன்னொரு தகடு. சாக்கெட் இறங்க இடமில்லை. நட்டு 3/8 அங்குல போல்ட்டுக்கு உரியது. நட்டின் அகலம் 9/16 அங்குலம். நம் பட்டறைகளிலோ மில்லிமீட்டர் ராஜ்ஜியம். 9/16 என்றால் 14.29 மில்லிமீட்டர். 14 ஸ்பேனர் நுழையாது. 15 நுழைந்து மூலையை மழுக்கிவிடும். அதனால்தான் இந்த செட்டை வாங்கினேன்.

பொருத்தத்தில் குறை சொல்லவே முடியாது. வாய் பிளந்த வளைய வகை, உள்ளே பன்னிரண்டு முனை. சாதாரணத் திறந்த வாய் என்றால் அடுத்த பிடிக்கு 60 டிகிரி திரும்ப வேண்டும். அந்தப் பொந்தில் அவ்வளவு இடம் கிடையாது. இது 30 டிகிரியில் மறுபடி கவ்வுகிறது. இவ்வளவு இறுக்கியும் நட்டின் மூலைகள் புதிதுபோலவே இருக்கின்றன.

எவ்வளவு முறுக்கில் இறுக்குவது என்ற கணக்கும் பழகிவிட்டது. முறுக்கை அளக்கும் ரெஞ்சில்தான் இதை மாட்டுகிறேன். அமெரிக்க விமானத்துறையின் ஏசி 43.13-1பி என்ற பழுதுபார்ப்புக் கையேட்டில் இந்த அளவு நட்டுக்கு 160 முதல் 190 அங்குல-பவுண்டு முறுக்கு என்று இருக்கிறது. விமானக் கம்பெனி வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் சட்டம். நைலான் நட்டு சும்மா சுழலவே கொஞ்சம் முறுக்கு கேட்கும். அதையும் அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். குரோஃபுட்டை ரெஞ்சுக்கு நேர்க்கோட்டில் மாட்டினால் கைநீளம் கூடி, ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாக நட்டு இறுகிவிடும். 250 மில்லிமீட்டர் ரெஞ்சில் 30 மில்லிமீட்டர் கூடினால், 175 வேண்டிய இடத்தில் 156தான் வைக்க வேண்டும். ரெஞ்சுக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் மாட்டினால் இந்தக் கழித்தல் எதுவும் வேண்டாம். வித்தியாசம் ஒரு சதவீதம்கூட வராது. இடம் இருக்கிறபோதெல்லாம் செங்குத்துதான்.

இனி என் வயிற்றெரிச்சல். ரெஞ்சின் சதுர முனையில் ஸ்பிரிங் குண்டு ஒன்று இருக்கிறதல்லவா, அது போய் உட்கார இந்த ஸ்பேனரின் துளைக்குள் பள்ளமே இல்லை! நான்கு பக்கமும் வழவழவென்று விட்டிருக்கிறார்கள். நட்டைக் கவ்வியிருக்கும்வரை மரியாதையாக நிற்கும். அடுத்த பிடிக்காகச் சற்றுத் தூக்கினால் 'டங்' என்று கழன்று தரைத்தகட்டுக்கு அடியில் போய்விடும்.

டிராக்டரில் சாமான் விழுந்தால் மண்ணில் கிடக்கும், குனிந்து எடுத்துக்கொள்ளலாம். இங்கே தரைத்தகட்டுக்கு அடியில் கட்டுப்பாட்டுத் தண்டு ஓடுகிறது. அதனிடையே ஓர் இரும்புத் துண்டு சிக்கினால் வானத்தில் போய் கைப்பிடி அசையாது. ஆகவே விழுந்ததை எடுக்கும்வரை வேறு வேலை கிடையாது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு காந்தக் கம்பியால் துழாவ வேண்டும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது மட்டும்தான் ஆறுதல். கீழே போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் வாத்தியார் "கிடைத்ததா தம்பி?" என்பார். கிடைக்காது.

நூல் கட்டிப் பார்த்தேன். நூல் நட்டுக்கும் வாய்க்கும் நடுவே புகுந்துகொண்டது. டேப் சுற்றினேன், தகரக்கூரைச் சூட்டில் பசை இளகி ரெஞ்ச் முழுதும் பிசுபிசுத்தது. ஒரு சிறு பள்ளம் தோண்ட இந்தத் தயாரிப்பாளருக்கு என்ன செலவாகியிருக்கும்?

எஃகில் குறையில்லை, முனை தேயவில்லை, நட்டு அசைந்தால் தெரிவதற்காக இறுக்கியபின் இட்ட ஆரஞ்சுச் சாயக்கோடு ஒன்றும் விலகவில்லை. இருந்தாலும் தம்பி, வாங்காதீர்கள். பாதி விலைக்கும் வேண்டாம். செட்டில் மற்ற அளவுகளை நான் தொட்டதே இல்லை. உங்கள் ரெஞ்சைக் கடைக்கே எடுத்துப் போங்கள், வேறு தயாரிப்பில் 9/16 ஒன்றை மட்டும் கையில் கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள், தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள். விழாத ஒன்றுக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்தாலும் தப்பில்லை.

என்னுடையதை மட்டும் இரவல் கேட்க வேண்டாம். விமானம் பறந்து இறங்கத் தொடங்கியதும் அதே நட்டுகளை மறுபடி சோதிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பொந்துக்குள் போக என்னிடம் வேறு சாமான் இல்லை.